பருவமும் காலமும்: நம் புனைகதையில் தோட்டத்துப் பிள்ளை

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்தார் தொல்காப்பியர். உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என வரும் கருப்பொருள்கள் அந்நிலத்திலும் பொழுதிலுமே பிறக்கின்றன. அவற்றின் நடுவே நின்றுதான் மனித உள்ளம் கூடுகிறது, பிரிகிறது, இரங்குகிறது. மனிதனை அவன் நிற்கும் இடத்திலிருந்தும் வாழும் பொழுதிலிருந்தும் பிரித்துப் பார்க்கலாகாது என்னும் இக்கொள்கை, தமிழ்த் திறனாய்வின் பழைய அடித்தளங்களுள் ஒன்று.

அதே தமிழ், குழந்தையைப் பாடுவதற்கெனத் தனியே ஓர் இலக்கிய வகையையும் படைத்துக்கொண்டது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனக் குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாகப் பகுத்துக் காண்பது பிள்ளைத்தமிழ். அதன்பின் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் பருவங்கள் பிரியும். தலையசைத்து ஆடும் திங்களையும் கைகொட்டும் திங்களையும் தளர்நடை பயிலும் திங்களையும் வேறுவேறாக உணர்ந்த நுண்மை அம்மரபுக்கு உண்டு. ஆயினும் அங்கே பாடப்பெறும் பிள்ளை தெய்வப் பிள்ளை, அல்லது அரசப் பிள்ளை. அப்பிள்ளைக்குப் பருவம் உண்டு, காலம் இல்லை. பஞ்சமும் போரும் புலம்பெயர்வும் அதன் தொட்டிலைத் தொடுவதில்லை.

நம் மலேசியத் தமிழ்ப் புனைகதையில் வரும் தோட்டத்துப் பிள்ளையின் நிலை இதற்கு நேர்மாறானது. அப்பிள்ளைக்குக் காலம் உண்டு, பருவம் இல்லை. ஜப்பானியர் ஆட்சியும் அவசரகாலமும் தோட்டத் துண்டாடலும் பட்டணக் குடியேற்றமும் கதைகளில் வருகின்றன. அவற்றின் நடுவே ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கிறது. அதற்கு வயது மூன்றா, ஒன்பதா, பதினான்கா? ஆணா, பெண்ணா? மூத்ததா, கடைசியா? பெரும்பாலான கதைகளில் இவ்வினாக்களுக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. விடை கிடைத்தாலும் அதனால் கதையில் எதுவும் மாறுவதில்லை. பிள்ளை அங்கே இரக்கத்தைத் தூண்டும் ஒரு கருவியாக நின்றுவிடுகிறது.

பருவத்தையும் காலத்தையும் சேர்த்துப் பார்த்தாலன்றி ஒரு பிள்ளை எவ்வாறு உருவாகிறது என்பதை எழுத்தாளர் காட்டவும் முடியாது, ஆசிரியர் அறியவும் முடியாது என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

இரண்டு ஆய்வுகள்

இவ்வழக்குக்குத் துணையாக வெளிநாட்டு ஆய்வுகள் இரண்டை இங்கே நினைவுகூரலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் கிளென் எல்டர் 1974-ஆம் ஆண்டில் 'பெரும் பொருளாதார மந்தத்தின் குழந்தைகள்' என்னும் பொருள்பட்ட தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரில் 1920, 1921-ஆம் ஆண்டுகளில் பிறந்த 167 பிள்ளைகளின் வாழ்க்கையைப் பல்லாண்டுகள் தொடர்ந்து சேகரிக்கப்பட்ட குறிப்புகளைக் கொண்டு அவர் ஆராய்ந்தார். 1929-க்கும் 1933-க்கும் இடையில் எந்தெந்தக் குடும்பங்கள் தம் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தன என்று பிரித்துப் பார்த்தார். அக்குடும்பங்களில் ஆண்பிள்ளைகள் சிறு வேலைகளுக்குச் சென்று காசு கொண்டுவந்தனர். பெண்பிள்ளைகள் வீட்டுப் பொறுப்பை ஏற்றனர். வறுமை அவர்களை வருத்தியது; எனினும் வீட்டுக்குத் தாங்கள் வேண்டியவர்கள் என்னும் உணர்வையும் அவர்களுக்குத் தந்தது. அவர்களுள் பலர் பிற்காலத்தில் தலைநிமிர்ந்தனர்.

பின்னர் எல்டர், அருகிலுள்ள பெர்க்லி நகரில் 1928, 1929-ஆம் ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளோடு இவர்களை ஒப்பிட்டார். அதே மந்தம், அதே வட்டாரம். ஆனால் மந்தம் வந்தபோது பெர்க்லிப் பிள்ளைகள் தாயின் கையை விடாத வயதினர். தந்தையின் சினமும் தாயின் கலக்கமும் அவர்கள் மேல் நேரே விழுந்தன. அவற்றைத் தாங்கும் பொறுப்போ பெருமிதமோ அவர்களுக்கு இல்லை. சிறுவர்களே மிகுதியாகத் தளர்ந்தனர். சிறுமியர் தாயோடு ஒட்டிக்கொண்டு ஒருவாறு நிமிர்ந்தனர். ஒரே புயல், ஏழெட்டு ஆண்டு வயது வேறுபாட்டினால் இரு தலைமுறைகளை இருவேறு வகையாகச் செதுக்கிற்று.

மற்றொன்று பெட்ரிசியா கிரீன்பீல்டு என்னும் உளவியலாளரின் ஆய்வு. மெக்சிகோவின் சியாப்பாஸ் மலைநாட்டில் வாழும் மாயா இனத்துச் சிறுமியர் நெசவு கற்கும் முறையை 1969, 1970-ஆம் ஆண்டுகளிலும், பின்னர் அதே குடும்பங்களின் அடுத்த தலைமுறையை 1991-லும் அவர் கண்டறிந்தார். உழவை நம்பியிருந்த முதற்காலத்தில் தாய் அருகிலேயே இருந்து, மகளின் கையைத் திருத்தித் திருத்திப் பயிற்றினாள். நெய்த கோலங்கள் மிகச் சில. வாணிபம் வந்து புகுந்த பின்காலத்திலோ சிறுமி பெரும்பாலும் தானே முயன்று, தவறித் திருத்திக் கற்றாள். புதிய கோலங்கள் பெருகின. கற்கும் முறையும் சிந்திக்கும் முறையும் குழந்தையோடு பிறந்தவையல்ல, பிழைப்பு மாறும்போது அவையும் மாறுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இம்மாற்றத்தை வளர்ச்சி என்றோ வீழ்ச்சி என்றோ ஒரே சொல்லில் அடக்க முடியாது. ஒன்று வந்தது, ஒன்று போயிற்று.

ஓக்லந்தைத் தாக்கிய அதே மந்தம் மலாயாவின் பால்மரக் காடுகளையும் தாக்கிற்று என்பதைத் தமிழ் மாணவர் மறத்தலாகாது. ரப்பர் விலை சரிந்தது; கூலி குறைந்தது; 1930 முதல் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றித் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அக்குடும்பங்களிலும் இரண்டு வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் இருந்தனர். ஓக்லந்துப் பிள்ளைகளுக்கு ஆய்வாளர் வாய்த்தனர். அவர்தம் ஒவ்வோர் ஆண்டும் ஏட்டில் ஏறிற்று. நம் பிள்ளைகளுக்கு அவ்வாறு யாரும் வாய்க்கவில்லை. அந்த வெற்றிடத்தை ஓரளவேனும் நிரப்ப வல்லது புனைகதை ஒன்றே. தோட்டத்துப் பிள்ளையைப் பற்றிய கதை நமக்கு வெறும் கதையன்று. வேறெங்கும் எழுதப்பெறாத வரலாற்றின் ஒரே ஏடு. ஆகவேதான் அது துல்லியமாக இருத்தல் வேண்டும் என்று கேட்கிறோம்.

மரத்தின் பொழுது

மலாயாவின் முதல் வாணிப ரப்பர்த் தோட்டம் எழுந்தது நம் மலாக்காவில்தான். 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் இட்ட கன்றுகளிலிருந்து தொடங்கிய அந்தப் பச்சைக் காடு, ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா வட்டாரங்களில் பரவியது. அக்காட்டுக்குள் தமிழர் கங்காணிகளின் வழியே வந்து குவிந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்ட பின்னரும், 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை கங்காணி முறை நீடித்தது.

இந்நிலத்தின் பொழுது எது? வெயில் ஏறுமுன் குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும். ஆகவே இருட்டிலேயே பெரட்டு. தாயும் தந்தையும் இருட்டில் வெளியேற வேண்டுமாயின் கைக்குழந்தை இருட்டிலேயே ஆயாக்கொட்டகைக்குப் போக வேண்டும். அதைத் தூக்கிச் செல்வது பெரும்பாலும் எட்டு வயது அக்காள். மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியில்லை, கூலியில்லாத நாளில் தாய் வீட்டிலிருக்கிறாள். குழந்தைக்கு மழைநாளே தாயின் நாள். இவ்வாறு மரத்தின் பொழுதே பிள்ளையின் பொழுதாயிற்று. முதற்பொருள் கருப்பொருளை ஆளும் என்பதற்கு நம் மண் தரும் உரை இது.

பிள்ளையின் விளையாட்டிலும் இதனைக் காணலாம். ரப்பர்க் கொட்டையே கோலி, அதுவே சோழி, அதுவே காசு. குச்சியை உளியாக்கி வேலிக்கம்பில் பட்டை சீவுவது ஆண்பிள்ளையின் ஆட்டம். ஏழெட்டு வயதாகும்போது விளையாட்டு மெல்ல வேலையாகிறது. மங்கு துடைத்தல், ஒட்டுப்பால் இழுத்தல், வாளி தூக்குதல் எனத் தாயின் வரிசையில் பிள்ளையும் ஓர் ஆளாகிறது. மாயாச் சிறுமி தாயின் மடியருகே நெசவு பயின்றது போன்றே இதுவும் ஒரு கல்விதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நெய்த துணி அவ்வீட்டுக்கு உரியது; இங்கே வெட்டிய பால் துரைக்கு உரியது. பிள்ளை கற்ற தொழிலால் பிள்ளையின் உலகம் விரியவில்லை. தொழிலை விட்டு வெளியேறுவதே முன்னேற்றம் என்னும் எண்ணம் அப்பொழுதே அதன் மனத்தில் விதைக்கப்பட்டது.

பள்ளியும் அந்த மரத்தின் நிழலிலேயே எழுந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. சட்டத்தின் எழுத்து நிறைவேறிற்று. கருத்து நிறைவேறியதா என்பது வேறு. ஒரே ஆசிரியர், ஒரே அறை, பல வகுப்புகள். சில இடங்களில் கிராணியே ஆசிரியர். பாட நூல்கள் தமிழகத்திலிருந்து வந்தன. அவற்றில் காவிரி ஓடிற்று, பால்மரம் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும் கள்ளுக்கடை ஒழிப்போடும் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதையும் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தனர். பிள்ளையின் வருங்காலம் பெற்றோரின் போராட்டப் பட்டியலில் ஏறிய அந்த ஆண்டு, நம் கல்வி வரலாற்றில் எழுத்து வன்மையோடு பதிய வேண்டிய ஆண்டு.

போர் வந்த வயது

அதே ஆண்டின் இறுதியில் ஜப்பானியர் இறங்கினர். 1942-க்கும் 1943-க்கும் இடையில் கட்டப்பட்ட சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிச் சென்றனர். போனவருள் பலர் மீளவில்லை. இக்கொடுமையை நம் புனைகதை மறக்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-இல் வெளிவந்தது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005-இல் வந்தது. சண்முகம் தம் நாவலில், தந்தையைத் தேடிச் சயாமுக்குச் செல்லும் இளைஞன் ஒருவனை நடுவில் நிறுத்தினார். இது சிறந்த தேர்வு. தேடிப்போக வல்ல வயதினன் அவன். தன் இழப்பைச் செயலாக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அவனுக்கு இருந்தது. எல்டர் கண்ட ஓக்லந்துச் சிறுவர்களைப் போலத் துன்பத்தில் ஒரு பங்கும் கடமையும் அவனுக்குக் கிட்டின.

ஆனால் தேடிப்போக இயலாத பிள்ளைகளின் கதை எங்கே? தந்தை போனபோது நான்கு வயதாயிருந்த பிள்ளைக்கு அவர் முகமே நினைவில்லை. அதற்குத் தந்தை என்பவர் தாய் அழும் ஒரு காரணம். பதினொரு வயதுப் பிள்ளைக்கோ அவர் முகமும் குரலும் நினைவுண்டு. அவர் விட்டுச்சென்ற வெட்டு நிரையும் தம்பி தங்கையரும் அதன் தலையில் விழுந்தன. பெண்ணாயின் பள்ளி அன்றோடு முடிந்தது. மரவள்ளிக் கிழங்கு தின்று வளர்ந்த ஆண்டுகளில் எலும்பு வளர வேண்டிய வயதில் இருந்தவர் யார், முன்னரே வளர்ந்துவிட்டவர் யார் என்பதும் ஒரு வாழ்நாளின் வேறுபாடு. போரைப் பற்றிய நம் நாவல்கள் பெரியவர்களின் சாவையும் துணிவையும் சிறப்பாகவே காட்டியுள்ளன. அந்தச் சாவு ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு வகையாகப் பிள்ளைக்குள் இறங்கியதைக் காட்டும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது.

1948-இல் தொடங்கி 1960-இல் முடிந்த அவசரகாலத்தையும் இவ்வாறே நோக்கலாம். சிதறிக் கிடந்த லயங்களிலிருந்து மக்களைத் திரட்டி முள்வேலிக்குள் குடியமர்த்தியபோது, பெரியவர்களுக்கு அது சிறை. வேலிக்குள் பிறந்த பிள்ளைக்கோ அதுதான் உலகத்தின் எல்லை. ஒன்றை இழந்தவனும் அதை ஒருபோதும் காணாதவனும் ஒரே துன்பத்தை உணர்வதில்லை. இந்த வேறுபாட்டை உணர்த்தும் ஒரு பத்தி, வேலியைப் பற்றிய பத்துப் பக்க வருணனையைவிட வலியது.

ஒரு கதவும் ஒரு தேயிலைத் தோட்டமும்

இவ்வாறு எழுதுதல் இயலுமா என ஐயுறுவார்க்குத் தமிழிலேயே முன்மாதிரிகள் உண்டு. கி. ராஜநாராயணனின் 'கதவு' என்னும் சிறுகதையை மாணவர் பலர் அறிவர். மழை பொய்த்த கரிசல் நாடு. தந்தை மணிமுத்தாறு அணைக்கட்டு வேலைக்குப் போனவர், அவரிடமிருந்து செய்தியில்லை. தீர்வை பாக்கி நிற்கிறது. இவை யாவும் வரலாறு. ஆனால் கதை தொடங்குவது பிள்ளைகள் கதவில் ஏறிப் பேருந்து விட்டு விளையாடும் இடத்தில். தீர்வைக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். சிறுமிக்குக் கதவு போனது விளையாட்டுப் போனது. தாய்க்கு மானம் போனது. வாடைக் காற்றில் கிடந்த கைக்குழந்தைக்கோ உயிரே போனது. ஒரே நிகழ்ச்சி, மூன்று பருவங்களில் மூன்று பொருள். அரசாங்கம் என்னும் சொல்லை ஆசிரியர் விளக்கவில்லை. கழற்றப்பட்ட ஒரு கதவே அதை விளக்கிவிடுகிறது.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1930-களில் எழுதப்பட்டது. நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியையும் அங்கே வளரும் அவள் மகள் வெள்ளைச்சியையும் அது காட்டுகிறது. தாய்க்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஊர் இருக்கிறது. மகளுக்குத் தோட்டமே ஊர். ஆகவே மருதியின் துயரமும் வெள்ளைச்சியின் துயரமும் ஒன்றல்ல. புலம்பெயர்வு என்பது பெயர்ந்தவருக்கு ஒன்று, பெயர்ந்த இடத்தில் பிறந்தவருக்கு வேறொன்று என்பதை அக்கதை அத்தனை ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தது.

நம் பால்மரக் காட்டைத் தமிழகத்திலிருந்து வந்து கண்டு அகிலன் 'பால்மரக் காட்டினிலே' நாவலை எழுதினார். வந்து கண்டவரின் பரிவு அதில் உண்டு; அதற்கு நாம் நன்றியுடையோம். சீ. முத்துசாமியின் 'மண் புழுக்கள்' 2006-இல் வந்தபோது, தோட்டத்து மக்களின் பேச்சும் மூச்சும் உள்ளேயிருந்தே எழுந்தன. உள்ளேயிருந்து எழுதுவோர் பெருகியுள்ள இன்றைய நிலையில்தான் பிள்ளையின் கண்ணையும் உள்ளேயிருந்து திறக்குமாறு கேட்பது பொருந்தும்.

லயத்திலிருந்து அடுக்ககத்துக்கு

விடுதலைக்குப் பின் மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. வெள்ளையர் கைவிட்ட தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானபோது, பல குடும்பங்கள் தாயகம் திரும்பின. இந்த மண்ணில் பிறந்து இந்த மண்ணையே அறிந்த பிள்ளை, காணாத ஓர் ஊருக்குத் 'திரும்பி'ப் போயிற்று. தந்தைக்குத் திரும்புதல், பிள்ளைக்கோ முதற்பயணம். ஒரு சொல்லுக்குள் இரு தலைமுறைகள் எதிரெதிராக நிற்பதை இதைவிட எங்கே காண்பது?

1970-களின் தொடக்கத்தில் மலாக்காவில் பத்து பெரெண்டாம், தஞ்சோங் கிளிங் ஆகிய இடங்களில் தடையில்லா வாணிப வட்டாரங்கள் எழுந்தன. தோட்டத்துப் பெண்கள் தொழிற்சாலைக்குச் சென்றனர். மரத்தின் பொழுது மறைந்து, முறைவேலையின் பொழுது வந்தது. முன்பு விடியலில் பிரிந்த தாய் நண்பகலில் மீள்வாள். இப்பொழுதோ ஒரு வாரம் பகலில் இல்லை, மறு வாரம் இரவில் இல்லை. மறுபுறம் ரப்பர் இருந்த நிலத்தில் செம்பனை ஏறிற்று. மங்கு துடைத்த பிள்ளையின் இடத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் பிள்ளை வந்தது. பின்னர் நிலமே வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விலையாயிற்று, லயங்கள் காலியாயின. நாட்டில் 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் நிற்கின்றன. மூடப்பட்டவை பெரும்பாலும் சிறிய தோட்டப் பள்ளிகள்.

இந்தப் பெயர்வைப் பற்றிய நம் கதைகளில் இரண்டு பாட்டுகளே திரும்பத் திரும்பக் கேட்கின்றன. ஒன்று, தோட்டம் ஒரு நரகம் என்னும் பாட்டு. மற்றொன்று, தோட்டம் ஒரு சொர்க்கம் என்னும் பாட்டு. தீமிதித் திருவிழாவும் ஆற்றங்கரையும் அண்டை வீட்டுக் குழம்பும் நினைவில் மணக்கும்போது சொர்க்கம்; கள்ளுக்கடையும் கங்காணியும் வரும்போது நரகம். உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருப்பதன்று. ஒவ்வொரு பருவத்திலும் அது வேறாக இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாற்பது வீடும் தன் வீடு. எல்லார் அடுப்பிலும் சோறு, எல்லார் கண்ணிலும் காவல். அதே பிள்ளைக்குப் பதினைந்து வயதானபோது அதே நாற்பது வீட்டுக் கண்களும் கால்விலங்கு. பெண்ணுக்கு அவ்விலங்கு இரட்டிப்பு. பட்டணத்து அடுக்ககம் ஐந்து வயதுப் பிள்ளையைக் கதவுக்குள் அடைத்தது. பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் படிப்பையும் தனிமையையும் தெரிவையும் கொடுத்தது. சொர்க்கமெனப் பாடுவோர் தம் ஐந்து வயதை நினைத்துப் பாடுகின்றனர். நரகமெனப் பாடுவோர் தம் பதினைந்தை நினைத்துப் பாடுகின்றனர். இருவரும் பொய் சொல்லவில்லை. எந்த வயதின் உண்மை என்பதைத்தான் சொல்லவில்லை.

மொழி நிற்கும் இடம்

மலாக்காவில் வாழும் நமக்கு இன்னும் ஒரு பாடம் அருகிலேயே இருக்கிறது. மலாய்ச் சுல்தான்களின் காலத்தில் இங்கே வணிகராக வந்து தங்கிய தமிழர்களின் வழியினர் மலாக்காச் செட்டிகள். சமயத்தையும் சடங்கையும் கோயிலையும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் அதற்குச் சான்று. ஆனால் வீட்டு மொழி மலாயாயிற்று. இதனை ஒரு குற்றமாகக் கூறுவது அறியாமை. தாய்மார் எந்த மொழியில் தாலாட்டினரோ, தெருவில் எந்த மொழியில் விளையாடினரோ, அம்மொழி பிள்ளையின் மொழியாயிற்று. மொழி குருதியில் ஓடுவதன்று. தொட்டிலருகே யார் இருந்தார், எந்நேரம் இருந்தார் என்பதில் அது நிற்கிறது.

தோட்டத்தில் பிள்ளைக்குத் தமிழ் காற்றைப் போல இருந்தது. யாரும் அதைக் கற்பிக்க முனையவில்லை. ஆயாக்கொட்டகையும் லயமும் கோயிலும் பெரட்டுக்களமும் தமிழ் பேசின. இன்று மஸ்ஜித் தானாவிலோ அலோர் காஜாவிலோ வளரும் பிள்ளைக்குத் தமிழ் வீட்டிலும் வகுப்பறையிலும் மட்டுமே உண்டு. சில பிள்ளைகளுக்கு வகுப்பறையில் மட்டுமே. அதே பிள்ளைக்கு மலாயும் ஆங்கிலமும் அதன் பாட்டன் அறியாத அளவில் கைவரப் பெற்றுள்ளன. மாயாச் சிறுமியரின் தறியில் நிகழ்ந்தது இங்கே நாவில் நிகழ்ந்திருக்கிறது. ஒன்று வந்தது, ஒன்று போகும் நிலையில் உள்ளது. போகும் ஒன்றைத் தடுக்க வேண்டுமாயின், பிள்ளையைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. தமிழ் ஒலிக்கும் இடங்களை நாமே ஆக்கித் தருதல் வேண்டும். 1950-களில் 'தமிழ் முரசு' வழி எழுந்த மாணவர் மணிமன்றம், சிதறிக் கிடந்த பிள்ளைகளுக்கு அத்தகைய ஓர் இடமாக அமைந்தது. அங்கே எழுதிப் பழகிய மாணவர் பிற்காலத்தில் எழுத்தாளராயினர்.

ஒரு மறுப்பும் விடையும்

இவ்வாறு கேட்பது இலக்கியத்தைச் சமூகவியலாக்கிவிடாதா என்று சிலர் வினவலாம். கலை, கணக்கெடுப்பன்று, எழுத்தாளன் வயதையும் ஆண்டையும் எழுதிக் கொடுக்கும் கிராணியும் அல்லன் என்பர். உண்மையே. கதையில் ஆண்டு எண் வரவேண்டுவதில்லை. 'கதவு' கதையைப் படிப்போர்க்கு ஆண்டு எதுவெனக் கூற வேண்டியதில்லை. ஆனால் எழுதியவருக்கு அது தெரியும். அச்சிறுமி எவ்வளவு உயரம், எதைத் தூக்க வல்லவள், எதைப் புரிந்துகொள்ள மாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும். அறிந்து மறைப்பது கலை. அறியாமல் விடுவது குறை. மேலும், பிள்ளையை வெறும் கண்ணீராக்குவதைவிட ஒரு வயதுடைய உயிராக்குவதே கலைக்கு நெருக்கமானது.

வேறொரு கேள்வியும் எழலாம். காலமே பிள்ளையை ஆக்குகிறது என்றால், அப்பிள்ளைக்குத் தன்னுடையது என்று ஒன்றும் இல்லையா? உண்டு. ஓக்லந்துச் சிறுவர்களுள் எல்லாரும் ஒரேவிதமாக வளரவில்லை; ஒரே லயத்தில் ஒரே ஆண்டில் பிறந்த இருவருள் ஒருவர் ஆசிரியராகவும் மற்றவர் மீளாக் குடியராகவும் ஆனதை நாம் அறிவோம். காலம் வாயில்களைத் திறக்கும், மூடும். எதன் வழியே நடப்பது என்பதில் பிள்ளைக்கும் பங்குண்டு. எவ்வாயில் மூடியிருந்தது என்று அறியாமல் அப்பிள்ளை ஏன் நடக்கவில்லை என்று கேட்பதைத்தான் தவறென்கிறோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு இவ்விடத்தில் தனியே ஒரு சொல். 'அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் இருந்தும் அக்கறை இல்லை' என்னும் பேச்சு நம் ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கிறது. அந்த மண்ணெண்ணெய் விளக்கருகே அக்காளும் பாட்டியும் பக்கத்து வீட்டு அண்ணனும் இருந்தனர். இன்று மின்விளக்கின் கீழ் அப்பிள்ளை பலவேளை தனியே இருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, முதலாம் வகுப்பில் எழுத்தறியத் தொடங்கிய பிள்ளை இழந்ததும், ஆறாம் வகுப்பில் தேர்வுக்குக் காத்திருந்த பிள்ளை இழந்ததும் வேறுவேறு. முன்னவனின் எழுத்துக்கூட்டும் தடுமாற்றத்தைச் சோம்பல் என்று எழுதிவிடும் ஆசிரியர், காலத்தின் கணக்கைப் பிள்ளையின் பெயரில் எழுதுகிறார்.

இதனை மாணவரிடமே ஒரு பயிற்சியாகத் தரலாம். ஒரு கதையைப் படித்தபின் கருப்பொருள், படிப்பினை என்று மட்டும் கேட்காமல், இதில் வரும் பிள்ளைக்கு வயது என்ன, அவ்வயதில் அது எதை அறியும், எதை அறியாது, இரண்டு வயது மூத்திருந்தால் கதை எவ்வாறு மாறியிருக்கும் என்று கேட்கலாம். தாத்தா பாட்டி உயிரோடு இருக்கும் வீடுகளில், தோட்டம் துண்டாடப்பட்டபோது, அனுமதிச் சீட்டுச் சட்டம் வந்தபோது, லயத்தை விட்டுப் பட்டணம் வந்தபோது அவர்களுக்கு எத்தனை வயது என்று கேட்டு எழுதி வரச் செய்யலாம். ஆண்டும் வயதும் ஒரே வரியில் அமைந்த அக்குறிப்புகள், எந்த நூலகத்திலும் இல்லாத ஓர் ஏடாகும். அவற்றுள் சில நாளை சிறுகதையாகும். ஒன்றிரண்டு நாவலாகவும் ஆகலாம்.

பிள்ளைத்தமிழ் நமக்குப் பருவத்தைக் கொடுத்தது; வரலாறு நமக்குக் காலத்தைக் கொடுத்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கடைசித் தலைமுறை முதுமையை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அவர்களின் நினைவில் அந்த இரண்டும் இன்னும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்பாரும் எழுதுவாரும் காலந்தாழ்த்தாமல் முன்வருதல் வேண்டும்.